அந்தப் பொட்டலில் மரம் நட வேண்டாம்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எல்லாத் துறைகளுக்கும் போன வாரம் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் ஆய்வகத்துக்கும் வந்தது. வடக்கு மதிலை ஒட்டிய தரிசு நிலத்தை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து, ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று அங்கே மியாவாக்கி முறையில், அதாவது கன்றுகளை நெருக்கி வைத்து, குறுங்காடு நடப்போகிறீர்கள். ‘வளாகத்தில் பறவைகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது’ என்று நோக்கத்தையும் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

மரம் நடாதீர்கள் என்று ஒருவன் எழுதினால் அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தெரியும். “உங்களுக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?” என்று என் வீட்டிலேயே கேட்டாகிவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். ஜூன் வந்தபின் எழுதிப் பயனில்லை.

நான் பறவையியல் படித்தவன் இல்லை. இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளர். ஸ்பெக்ட்ரோமீட்டரைத் துடைத்து வைப்பதும், மாணவர்கள் உடைத்த ப்ரிசத்துக்குக் கணக்கு எழுதுவதும் என் வேலை. குவார்ட்டர்ஸில் குடியிருப்பதால் காலை ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பிவிடுவேன். பத்தொன்பது வருடமாக ஒரே வழி. முதல் ஐந்தாறு வருடம் ஒரு பறவையைக்கூட நான் நின்று பார்த்ததில்லை. சர்க்கரைக்காக நடந்தேன், அவ்வளவுதான். அப்புறம் ஒரு பிப்ரவரியில் விலங்கியல் மாணவி ஒருத்தி வளாகப் பறவைக் கணக்கெடுப்புக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். உலகம் முழுக்கப் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் நடக்கும் கணக்கெடுப்பு அது. நம் நாட்டில் கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களும் அதில் சேர்ந்துகொள்ளும். குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் இனவாரியாக எண்ணி இ-பேர்டு இணையதளத்தில் ஏற்ற வேண்டும். “சார், நீங்கதான் தினமும் நடக்கிறீங்களே” என்று என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை. இப்போதெல்லாம் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுக்கென்றே நடக்கும் கணக்கெடுப்பையும் நான் தவறவிடுவதில்லை.

என் நோட்டிலிருந்து இரண்டு பக்கத்தை அப்படியே தருகிறேன்.

கேன்டீன் பின்புறம், காலை ஆறே முக்கால்: காக்கை, காக்கை, மாடப்புறா, மைனா, காக்கை, மாடப்புறா, மைனா, காக்கை. பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்கும் இதுவேதான் போகிறது.

வடக்குப் பொட்டல், ஏழேகால்: மஞ்சள்மூக்கு ஆட்காட்டி இரண்டு. சாம்பல்தலை வானம்பாடி ஒன்று, மேலே ஏறி விழுந்தது. கருஞ்சிட்டு ஜோடி. நெட்டைக்காலி ஒன்று. பச்சைப் பஞ்சுருட்டான், கம்பியில். பனங்காடை ஒன்று, அதே கம்பியில் கொஞ்சம் தள்ளி. கௌதாரி, குரல் மட்டும்.

எண்ணிக்கையில் கேன்டீன்தான் ஜெயிக்கிறது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். நம் நோக்கம் எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் என்றால் காடு எதற்கு? இன்னொரு கேன்டீன் திறந்து சாப்பாட்டு மிச்சத்தை வெளியே கொட்டினால் போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வளாகத்தில் மொத்தம் எத்தனை பறவை என்ற கணக்கு ஒன்றையும் சொல்லாது. எந்தப் பறவை எங்கே நிற்கிறது, அந்த இடத்தை விட்டால் அதற்குப் போக இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேன்டீன் மைனாவை நிர்வாகக் கட்டடத்திலும் பார்க்கலாம், பஸ் நிறுத்தத்திலும் பார்க்கலாம், என் சமையலறை ஜன்னலிலும் பார்க்கலாம். பொட்டலில் நான் எழுதிய வானம்பாடியை இந்த வளாகத்தில் வேறு எங்கேயும் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

எண்ணுவதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. புல்தரையில் நடக்கும் மைனா தூரத்திலிருந்தே தெரியும். பொட்டலில் ஆள் வருவது தெரிந்தால் கௌதாரி புல்லுக்குள் பதுங்கிக்கொள்ளும், நெட்டைக்காலி மண்ணோடு மண்ணாகிவிடும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணினால் திறந்த புல்தரைக்குக் கூடுதலாகவும் புதருக்குக் குறைவாகவும் மார்க் போட்டுவிடுவோம். நம் சேர்க்கைக் கையேட்டில் அச்சாகியிருக்கும் பறவை இனங்களின் எண்ணிக்கை இன்னொரு வகை. அது பல வருடங்களில் யார் யாரோ பார்த்ததன் கூட்டுத்தொகை. அதில் இருக்கும் சில பறவைகளை நான் வந்த வருடத்திலிருந்து யாரும் பார்க்கவில்லை. இறந்துபோனவர்களின் பெயர் நீக்காத வாக்காளர் பட்டியல் மாதிரி.

பொட்டலுக்குப் போகுமுன் வளாகத்தின் மற்ற மூலைகளையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எனக்கு மரமே பிடிக்காது என்று நினைத்துவிடுவீர்கள்.

நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆலும் அரசும் இந்த வளாகத்தின் மெஸ். அரசு பழுக்கும் வாரத்தில் அங்கே குக்குறுவான், மாங்குயில், குயில், பச்சைப்புறா எல்லாம் பந்திக்கு வந்துவிடும். அத்தி, ஆல் வகை மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்கும், அதனால் வருடம் முழுக்கச் சோறு உண்டு. அங்கேயே ஒரு பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் குக்குறுவான் பொந்து குடைந்திருந்தது. இரண்டு வருடம் முன்பு அந்தக் கிளையை ‘காய்ந்தது’ என்று வெட்டிவிட்டார்கள். காய்ந்த கிளையில்தான் அந்தச் சின்ன அலகால் குடைய முடியும். அது குடைந்து விட்டுப்போகும் பொந்து பிறகு வேறு குருவிகளுக்கும் பயன்படும். ஆட்கள் நடக்கும் பாதைக்கு மேலே பட்ட கிளை தொங்கினால் வெட்ட வேண்டியதுதான். யாரும் போகாத மூலையில் இருப்பதை ஏன் வெட்ட வேண்டும்?

விளையாட்டு மைதானத்தின் ஓரத்துப் பனைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பனை உழவாரன் தன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுவது பனை ஓலையின் அடியில்தான். ஓலையைக் கழித்துப் பனையை ‘அழகாக’ மொட்டையடித்தால் அதற்கு வீடு போச்சு. தலை போன பட்ட பனை ஒன்று அங்கே நிற்கிறது. அதன் பொந்தில் புள்ளி ஆந்தை இருக்கிறது. மாலை ஆறரைக்கு எட்டிப் பார்க்கும், ஓட்டப் பயிற்சிக்கு வரும் பையன்கள் அதற்கு வணக்கம் வைப்பார்கள்.

தமிழ்த் துறைக்குப் பின்னால் இருக்கும் மாந்தோப்புக்கு வருவோம். ஆறுமணிக் குருவி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தெற்கே பொன்னுத்தொட்டான் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் இறங்கும். இரவில் பறந்து வரும். அக்டோபரில் ஒரு காலை, புதுக் கருத்தரங்கக் கட்டடத்தின் கண்ணாடிச் சுவருக்குக் கீழே ஒன்று மயங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, வாலடியில் ரத்தச் சிவப்பு, கண்ணுக்கு மையிட்ட மாதிரி கறுப்புப் பட்டை. அட்டைப் பெட்டியில் வைத்து மூடி இருட்டில் விட்டோம். இரண்டு மணி நேரம் கழித்து மாந்தோப்பில் திறந்தபோது, பறக்காமல் தத்தித் தத்திச் சருகுக்குள் போய் மறைந்தது. அந்தத் தோப்பைக் கூட்டும் அக்கா என்னிடம் சொன்னார்: “நான் கூட்டாத பக்கமாத்தான் சார் அது போகுது.” சருகைப் புரட்டித்தான் அது புழு தின்னும். அதனால் அவர் தோப்பின் உள்பக்கத்தைக் கூட்டாமல் விட்டுவைத்திருக்கிறார், அதற்காக ஒப்பந்த மேஸ்திரியிடம் திட்டும் வாங்கியிருக்கிறார். அந்தத் திட்டு நின்றாலே பெரிய உதவி. பொன்னுத்தொட்டான் வடக்கே திரும்பிப் போகும் வரையாவது அங்கே சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம்.

சரி, பொட்டலுக்கு வருகிறேன்.

ஆட்காட்டியில் நம் வளாகத்தில் இரண்டு வகை. சிவப்புமூக்கு ஆட்காட்டி தண்ணீர்ப் பக்கம் இருக்கும், ராத்திரியில் கத்தி எழுப்புவது அதுதான். மஞ்சள்மூக்கு ஆட்காட்டி காய்ந்த வெட்டவெளிப் பறவை. இந்தியத் துணைக்கண்டத்தை விட்டால் உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. கூடு என்று ஒன்றும் கட்டாது. தரையில் லேசாகக் குழித்து, சுற்றிப் பொடிக்கல்லைப் போட்டு, நான்கு முட்டை இடும். முட்டையின் நிறம் செம்மண்ணும் கூழாங்கல்லும் கலந்த நிறம். இரண்டு எட்டு தள்ளி நின்றாலும் தெரியாது. நான் ஒருமுறை முட்டையைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன், காணோம். அது அங்கேயேதான் இருந்தது.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் மதிலடி நிழலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பகல். மண் காலைச் சுடும் வெயில். அடையில் இருந்த பறவை எழுந்தது. நேராகக் குளத்துப் பக்கம் பறந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறது என்று நினைத்தேன். கரைச் சேற்றில் இறங்கி, வயிறு முங்க உட்கார்ந்து, உடம்பை அப்படியும் இப்படியும் ஆட்டியது. பிறகு திரும்பி வந்து, சொட்டச் சொட்ட முட்டைமேல் உட்கார்ந்தது. வயிற்று இறகில் தண்ணீர் ஏந்திவந்து முட்டையைக் குளிரவைக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுந்தது. அன்று மதியம் நான் சாப்பிடப் போகவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது, அந்தப் பறவைக்குப் பொட்டல் மட்டும் போதாது, குளமும் வேண்டும். அதுவும் இறங்கி நிற்கச் சரிவான மண்கரை உள்ள குளம். நம் குளத்தை அழகுபடுத்தும் திட்டத்தில் மூன்று பக்கமும் செங்குத்தாகக் கல் பதித்து, சுற்றி நடைபாதை போட்டு, நடுவில் நீரூற்றும் வைத்தாகிவிட்டது. மண்கரையில் வளை தோண்டியிருந்த வெண்மார்பு மீன்கொத்தி அந்தப் பக்கமே இப்போது வருவதில்லை. உள்ளான்கள் ஓடித் திரிந்த சேற்று ஓரம் போய்விட்டது. வடக்குக் கரை மட்டும் நிதி தீர்ந்துபோனதால் தப்பியிருக்கிறது. ஆட்காட்டி இறங்கியது அந்தக் கரையில்தான். அடுத்த நிதி வரும்போது தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அதே பொட்டலில் மரம் நட்டால் ஆட்காட்டி மரத்தடியில் முட்டை இடக்கூடாதா என்று ஒரு பேராசிரியர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான். வெட்டவெளித் தரையில் முட்டை இடும் பறவைக்குப் பெரிய பாதுகாப்பு, வருகிற எதிரியைத் தூரத்திலேயே பார்த்துவிடுவது. அதனால்தான் அதற்கு ஆட்காட்டி என்று பெயர். ஆள் வருவதை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நான்கு பக்கமும் அடர்ந்து நின்றால் அது எதைப் பார்க்கும்? மரம் என்றால் காக்கைக்கு உட்கார்ந்து நோட்டம் விட இடம். மேலே இருந்து பார்க்கும் காக்கைக்கு முட்டை ஒரு காலை வேலை. கேன்டீன் மிச்சத்தில் பெருகிய காக்கைகள் இப்போதே பொட்டலின் விளக்குக் கம்பங்களில் வந்து உட்காருகின்றன. மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று வைப்பார்கள். மூன்று வருடத்தில் உள்ளே ஆள் நுழைய முடியாது. வானம்பாடியும் அப்படித்தான். வானத்தில் ஏறி, சிறகை மடக்கிக் கல் மாதிரி விழுந்து, தரைக்குப் பக்கத்தில் வந்ததும் மறுபடி எழும்பும். அந்த ஆட்டத்துக்கு மேலேயும் கீழேயும் வெட்டவெளி வேண்டும்.

மியாவாக்கி முறையைக் குறை சொல்லவில்லை. காடு இருந்து அழிந்த இடத்தில், அந்த மண்ணுக்குரிய மரங்களைக் கொண்டே காட்டைத் திரும்பக் கொண்டுவரத்தான் அந்த ஜப்பானியத் தாவரவியலாளர் அதை யோசித்தார். நம் வடக்குப் பொட்டலில் இல்லாமல் போனது காடு கிடையாது. அது தொடக்கத்திலிருந்தே புல்லும் புதரும் சரளைக்கல்லும் உள்ள வெளி. ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் ஆடு மேய்த்த இடம் என்பார்கள்.

‘தரிசு’ என்ற சொல்தான் வம்பு. வருவாய்த் துறைக் கணக்கில் தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பிரித்து எழுதுவார்கள். வரி வருமா வராதா என்று பார்க்கிற சொல் அது. அரசின் தரிசுநில வரைபடத்திலும் புதர்நிலம் தரிசுக் கணக்கில்தான் சேர்கிறது. வரி கட்டாத இடம் என்பதால் அது வெறும் இடம் ஆகிவிடுமா? தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி 1937-இல் குடியேறியது. 365 ஏக்கர் வளாகத்தில் இருக்கும் புதர்க்காட்டை அவர்கள் இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். கிண்டியில் புள்ளிமான் மரநிழலில் நிற்கும், வெளிமானுக்குப் புல்வெளி வேண்டும். பெயரிலேயே வெளி இருக்கிறது.

2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை அலசி, 178 இனங்களை முதன்மைக் கவனம் தேவைப்படுபவை என்று பிரித்தது. நம் கையேட்டு அட்டையில் இருக்கும் மயில் பெருகிக்கொண்டிருக்கிறது என்கிறது அது. குயிலும் பெருகுகிறது. பனங்காடை குறைந்துகொண்டே வருவதால், எந்த உயிரினத்துக்கு எவ்வளவு அழிவு அபாயம் என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலையை மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். புல்வெளி, புதர்வெளி நம்பிய பறவைகள் மோசமாக அடிபட்டவற்றில் சேர்ந்தவை என்பதும் அதில் இருக்கிறது. குறுங்காடு வந்தால் நமக்குச் சின்னானும் தையல்சிட்டும் தேன்சிட்டும் கூடும். அவை ஏற்கெனவே ஒவ்வொரு விடுதி வாசலிலும் இருக்கின்றன.

பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வந்த வருடம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். ‘பசுமை வளாகம்’ என்ற தலைப்புக்கு மதிப்பெண் உண்டு என்பதால், குழு வருவதற்கு நான்கு நாள் முன்பு பொட்டலின் தெற்குப் பாதியை ஜேசிபி வைத்துச் சமன் செய்து, மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்து, புல் பாய் விரித்தார்கள். அது மார்ச் மாதம். அன்று மாலை இரண்டு ஆட்காட்டிகள் புல் பாயின்மேல் இருட்டும்வரை கத்திக்கொண்டே சுற்றின. புல் பாய் மே மாதத்தில் காய்ந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அங்கே ஏதாவது இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. 1972-ஆம் வருடக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்த விளக்கத்திலேயே, காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஜேசிபிக்கு ஒப்பந்தம் போடும் பிரிவுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

குறுங்காடு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. தேர்வுக் கட்டடத்துக்குப் பின்னால் பழைய வாகன நிறுத்தம் இருக்கிறது. கான்கிரீட் இடிபாடும் உடைந்த பெஞ்சுமாகக் கிடக்கிறது, மாடப்புறாவைத் தவிர அங்கே நான் எதையும் எழுதியதில்லை. அங்கே நடுங்கள், குழி வெட்ட நானும் வருகிறேன். பொட்டலின் கிழக்கு ஓரத்தில் சீமைக்கருவேலம் ஏறி வருகிறது. அதை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் மழைக்காலம் தொடங்கியபின் ஆள் வைத்து எடுங்கள். வளாகத்தின் அடுத்த கட்டடத் திட்டம் முடிவாகுமுன் ஒரு வருடம், மாதம் இருமுறை, குளம், தோப்பு, பொட்டல், கட்டடப் பகுதி, பனைவரிசை என்று இடத்துக்கு இடம் ஒரே நேர அளவில் நின்று எண்ணவைத்தால் போதும். விலங்கியல் துறை பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். செலவு என்று பார்த்தால் நோட்டும் டீயும்தான்.

ஜேசிபிக்கு நாள் குறிக்குமுன் ஒரு காலை ஆறரைக்கு வடக்கு வாயிலுக்கு வாருங்கள். சர்வேயர் அடித்துவிட்டுப் போயிருக்கும் மூன்றாவது முளைக்குச்சியிலிருந்து மதிலை நோக்கி ஒன்பது எட்டில் இப்போது நான்கு முட்டை இருக்கிறது. பக்கத்தில் அடையாளம் எதுவும் வைக்கவில்லை. வைத்தால் காக்கை கற்றுக்கொண்டுவிடும். வாயில் காவலர் அண்ணனுக்கு இடம் தெரியும். நான் வரத் தாமதமானால் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வையுங்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் துறை ஆய்வக உதவியாளர்